கிளைமாக்ஸுக்கு முன்னால் எழுந்து போனவர்கள்

என் கடைக்கு ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். எப்பக்கா கிடைக்கும் என்பது ஒன்று. பாக்குற மாதிரி ஒரு படம் சொல்லுங்கக்கா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நான் சொல்லும் பதிலை யாரும் நம்புவதில்லை, நம்பாததும் நியாயம்தான். இரண்டாவதற்குச் சொல்வதை நம்பிப் பார்த்துவிட்டு, அடுத்த ஜாக்கெட் துணியோடு வந்து சண்டை போடுவார்கள். "என்னக்கா, ஒரு பாட்டு இல்ல, ஒரு ஃபைட்டு இல்ல, இதையா நல்லாருக்குன்னீங்க?" என்று கேட்ட டீச்சர் ஒருவரிடம், "கழுத்தை இறக்கி வெட்டவா, ஏத்தி வெட்டவா, அதைச் சொல்லுங்க டீச்சர்" என்றேன். கையில் கத்திரி இருக்கும்போது சினிமாவைப் பற்றி வாதம் பண்ணினால் துணி கெட்டுப்போகும்.

கடை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. மிஷினுக்கு எதிரே சின்னதாக ஒரு டிவி. ஹெம்மிங் பண்ணும்போதும் ஹூக் வைக்கும்போதும் ஏதாவது படம் ஓடிக்கொண்டிருக்கும். ஓடின படமும் எனக்குப் பிடிக்கும், ஓடாத படமும் பிடிக்கும். ஓடாத படத்தைத்தான் இப்போது காலேஜ் பிள்ளைகள் 'கல்ட்' என்கிறார்கள். நாங்கள் பார்த்த காலத்தில் அதற்குப் பேர் 'மூணாம் நாள் தூக்குன படம்'. போன மாதம் சுடிதார் அளவு கொடுக்க வந்த பெண் அப்படி ஒரு படத்தை, "ஆன்ட்டி, நீங்க அவசியம் பாக்கணும்" என்று எனக்கே சிபாரிசு செய்தாள். அது ரிலீசான முதல் நாளே ஒன்றே கால் ரூபாய் முறுக்கோடு உட்கார்ந்து பார்த்தவள் நான். சொன்னால் வயது தெரிந்துவிடும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

இங்கே சில படங்களைச் சொல்லப் போகிறேன், ஆனால் பேர் சொல்ல மாட்டேன். பேரைச் சொன்னால் உடனே ஃபோனை எடுத்து எத்தனை ஸ்டார் என்று பார்ப்பீர்கள், படத்தைப் பார்க்க மாட்டீர்கள். கதையைச் சொல்கிறேன், முடிவையும் சொல்கிறேன். முடிவைச் சொன்னால் படம் கெட்டுப்போகும் என்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் முடிவைச் சொல்லாமல் முடியாது.

அக்காவும் நானும் அகரத்துப் பக்கம் பிறந்தவர்கள். அக்காவைச் சாணார்பட்டிக்கும் உள்ளே தள்ளி ஒரு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள், என்னை டவுனில். அத்தான் சொந்தமாக லோடு வேன் ஓட்டினார். காய்கறி, பூ, சீசனில் மாங்காய். கல்யாணமான புதிதில் அவர்கள் சினிமாவுக்குப் போனதில்லை. தலைப்பிள்ளை பெண், மூன்று மாதம் இருந்து தவறிப்போனது. அதற்குப் பிறகுதான் அத்தான் அக்காவை மாதம் ஒரு தரமாவது படத்துக்குக் கூட்டிவர ஆரம்பித்தார். வேனில் அல்ல, டவுன் பஸ்ஸில். வேனில் ஏறினால் தொழில் ஞாபகம் வந்துவிடும் என்பார். நானும் அவர்களோடு சேர்ந்துகொள்வேன்.

சாயங்கால ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிவிடும். அந்தப் பக்கத்துக் கடைசி பஸ் ஒன்பதுக்கே கிளம்பிவிடும். அதனால் ஹீரோ அடிபட்டுக் கீழே விழுந்து, இனி எழுந்து திருப்பி அடிக்கப் போகிறான் என்கிற நேரத்தில் தியேட்டரில் கால்வாசிப் பேர் எழுந்துவிடுவார்கள். இருட்டில் செருப்பைத் தேடுவார்கள், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போடுவார்கள். "ஏலே, உக்காருங்கப்பா, மறைக்குது" என்று டவுன்காரர்கள் கத்துவார்கள். "ஒனக்கென்ன, நடந்து போயிருவ. எங்களைக் கொண்டுபோய் விடுவியா?" என்று பதில் வரும். பெரிய ஸ்டார் படமாக இருந்தாலும் இதே கதிதான். அந்தப் பாதையில் இருக்கிற ஊர்க்காரர்கள் யாரும் தியேட்டரில் படம் முடிந்து 'வணக்கம்' போட்டுப் பார்த்ததே கிடையாது. நான் டவுன்காரி ஆகிவிட்டதால் உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்துவிட்டுப் போவேன்.

பஸ் நகர ஆரம்பித்ததும் அக்கா, "அப்புறம் என்னங்க ஆகும்?" என்று கேட்பாளாம். அத்தான் சொல்வார். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின குரல். முன் சீட்டுக்காரர்கள் திரும்பி உட்காருவார்கள், பின் சீட்டுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்காமல், "அண்ணே, சீக்கிரம் முடிங்க" என்று படியில் நின்றவர்கள் உண்டு. இப்படியே வருசக்கணக்கில் சொல்லிச் சொல்லி, அந்த ரோட்டில் இருக்கிற ஊர்களில் எல்லாப் படத்துக்கும் ஒரு தனி முடிவு ஏற்பட்டுப்போனது.

ஊர் ஊராக அது பரவிக் கிடப்பது எனக்குத் தெரியவந்தது, அக்கா ஊரில் ஒரு பிள்ளை முதல் நற்கருணை வாங்கினதற்கு வைத்த புது நன்மை விருந்தில். அப்போது ஓடிக்கொண்டிருந்தது அண்ணன் தம்பி இரட்டை வேடப் படம். அதையும் பாருங்கள், குறை சொல்ல முடியாத மசாலா. அண்ணன் அணைக்கட்டில் வேலை பார்க்கிறவன், தம்பி ஊர் சுற்றி. கடைசியில் வெள்ளம் வந்து மதகு அடைத்துக்கொள்ள, அண்ணன் உள்ளே இறங்கித் திறந்துவிட்டு அதோடு போய்விடுவான். தம்பி அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவதோடு முடியும். அந்த ஒரு சட்டைக்காகவே அதை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். தோள்பட்டை அவனுக்குப் பொருந்தாது. அளவு தெரிந்த யாரோதான் அந்தச் சட்டையைத் தைத்திருக்க வேண்டும்.

பந்தியில் ஒரு அம்மா, "அண்ணனும் தம்பியும் ஒரே பந்தல்ல தாலி கட்டுறாங்க பாரு, அங்கதான் எனக்கு அழுகை வந்துருச்சு" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே. "அண்ணன்தான் செத்துப்போறானே" என்றேன். பந்தலே என் பக்கம் திரும்பியது. "யாரு சொன்னா?" என்றார்கள். "நான் பாத்தேன்" என்றேன். "நாங்களுந்தான் பாத்தோம்" என்றார்கள். கொஞ்ச நேரம் அம்புட்டுப் பேரும் என்னைப் பொய்க்காரி ஆக்கி, கடைசியில் ஒரு பெரியவர், "டவுனுக்கு வேற ரீலு குடுத்திருப்பாங்கெ, விடுங்க" என்று சமாதானம் பண்ணினார். அத்தான் கறி வாளியோடு என் இலைக்கு வந்தார், என் முகத்தைப் பார்க்காமல் இரண்டு கரண்டி கூடவே போட்டுவிட்டு நகர்ந்தார்.

எனக்கு எரிச்சல்தான். கண் முன்னால் பார்த்ததை இல்லை என்று சொன்னால் யாருக்குத்தான் வராது. அடுத்த தடவை அவர் டவுனுக்கு வரும்போது கேட்டுவிடுவது என்று இருந்தேன். கேட்பதற்கு முன்னாலேயே ஆளே மாட்டிக்கொண்டார். ஒரு மத்தியானம் கடையை அடைத்துவிட்டு மேட்னிக்குப் போயிருந்தேன். படம் முடிந்து லைட் போட்டால், ஓரத்துச் சீட்டில் அத்தான். தனியாக. லோடு இறக்கிவிட்டுத் திரும்புவதற்கு இடையில் வந்திருக்கிறார். அதே படத்துக்கு மறுநாள் அக்காவைக் கூட்டிவருவதாக இருந்தது எனக்குத் தெரியும்.

"என்ன அத்தான் இது?" என்றேன்.

"முடிவு தெரியாமக் கூட்டிட்டு வந்தா பஸ்ல என்னத்தைச் சொல்றது, ஆத்தா?" என்றார்.

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் மாத்திச் சொல்றீங்களாக்கும்?"

கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்து டம்ளரை வைத்தார். அப்புறம், "செத்துட்டான், போயிட்டான்னு சொல்லியா அவளை ராத்திரி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்ற?" என்றார். "அக்காட்ட சொல்லிராத, ஆத்தா."

நான் சொல்லவில்லை. அதற்கப்புறம் எந்த விருந்திலும் எந்தப் படத்தின் முடிவைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான், வளர்ந்தான், திருப்பூருக்கு வேலைக்குப் போனான். வீட்டுக்கு டிவி வந்தது. பழைய படம் ஏதாவது டிவியில் போட்டால், முடிவு வருகிற நேரத்துக்கு அக்கா உலை வைக்க எழுந்து போய்விடுவாள். பஸ்ஸுக்கு எழுந்த பழக்கம் இடுப்பை விட்டுப் போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

போன தை மாதம் அத்தானுக்கு வாதம் வந்தது. வலது பக்கம் இழுத்துவிட்டது, பேச்சு நின்றுபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து இருவரையும் டவுனுக்குக் கொண்டுவந்தோம். கை கால் மெல்ல மெல்ல வரும் என்றார் டாக்டர். பேச்சைப் பற்றி அவர் அப்படி உறுதியாகச் சொல்லவில்லை. வருவதாக இருந்தால் முதல் சில மாதத்தில் வந்துவிட வேண்டும், நாள் போகப் போகக் கஷ்டம் என்றார். அக்கா அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம், "நடக்காட்டிப் போகுதுடி. நான் தூக்கி வச்சுக்குவேன். பேச்சு வேணும். வீடு எழவு வீடு மாதிரி இருக்கு" என்றாள். அக்கா எதையும் வேண்டும் என்று கேட்டு நான் கேட்டதே இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரம் ஒரு தரம் வந்தது. சின்னப் பெண், ஆனால் கறார். "ஆமா, இல்லைன்னு தலையாட்டுற மாதிரி கேக்காதீங்கம்மா. அவரே வார்த்தையைத் தேடி எடுத்துச் சொல்ற மாதிரி கேளுங்க. கேட்டுட்டுச் சும்மா இருங்க" என்று அக்காவிடம் சொன்னது. அக்காவால் எல்லாம் முடியும், சும்மா இருக்க முடியாது. அத்தான் வாயைக் கோணினாலே, "தண்ணியா? ஃபேனா? மகன்கிட்டப் பேசணுமா?" என்று வரிசையாக எடுத்துக் கொடுத்துவிடுவாள். அவர் தலையை ஆட்டுவார். அதோடு பேச்சு முடிந்தது.

சும்மா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாரே, படம் போடு என்று நான்தான் சொன்னேன். இப்போது எல்லாப் பழைய படமும் ஃபோனில் கிடைக்கிறது, டிவியில் போட்டுக்கொள்ளலாம். முதலில் ஒரு காமெடிப் படம் சிபாரிசு பண்ணினேன். ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே மண்டபத்தை இரண்டு கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் விட்டுவிட்டு மேனேஜர் தலைமறைவாகிவிடுவான். மாப்பிள்ளை மாறி, மாலை மாறி, பந்தியில் மாமனார் மாறி அமர்க்களப்படும். நோயாளி வீட்டுக்கு நான் எப்போதும் சொல்கிற படம் அது. வயிற்றில் தையல் போட்டவர்கள் மட்டும் பார்க்க வேண்டாம், பிரிந்துவிடும். அத்தான் கால் மணி நேரம்கூடப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒருத்தர் மாற்றி ஒருத்தர் பேசிக்கொண்டே இருக்கிற படம். பேச்சைத் தொலைத்த மனுசனுக்கு அதைப் போடச் சொன்ன அறிவாளி நான்.

"நீ நல்ல படம்னு எதையும் சொல்லாத" என்றாள் அக்கா. "நாங்க சேந்து பாத்ததைச் சொல்லு. அதுல எது எங்க கிடைக்கும்னு தேடிக் குடு."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருசமாக ஊருக்கே படம் சொல்கிறவள் நான். இருந்தாலும் தேடிக் கொடுத்தேன். அப்படித்தான் அந்த லாரிப் படம் வந்தது. இதுதான் காலேஜ் பிள்ளைகள் கொண்டாடுகிற படம். வடக்கே லோடு ஏற்றிப் போன லாரியில் டிரைவர் வழியிலேயே இறந்துவிடுவார். கூட இருக்கிறவர் நரைத்துப்போன கிளீனர், ஸ்டியரிங் பிடித்து மெயின் ரோட்டில் ஓட்டியதே இல்லை. அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டு, லாரியை அவரே மெதுவாக ஓட்டிக்கொண்டு ஊருக்கு வருவார். படம் முழுக்க ரோடுதான். முடிவில் டிரைவர் வீட்டு வாசலில் லாரி நிற்கும், பெண்சாதி வெளியே வந்து டிரைவர் சீட்டைப் பார்ப்பாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிடும். தியேட்டரில் கேலியாக விசில் அடித்துத் தீர்த்துவிட்டார்கள். பொறுமை இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் என்னிடம் வந்து சண்டைக்கு நிற்காதீர்கள்.

பஸ்ஸில் அத்தான் சொன்ன முடிவு வேறு. டிரைவர் சாகவே இல்லை, மயக்கம்தான், அடக்கம் பண்ணினது வேற யாரையோ, ஆள் தெளிந்து ரயிலேறி முன்னாலேயே வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார், கிளீனர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினதும், "ஏன்யா இம்புட்டு நேரம்?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பஸ்ஸே கைதட்டியதாக அக்கா சொல்லியிருக்கிறாள்.

அந்தப் படத்தை அத்தான் கண்ணெடுக்காமல் பார்த்தார். நானும் இருந்தேன். லாரி ஊருக்குள் திரும்புகிற இடத்தில் கரண்டு போய்விட்டது. டிவி கறுத்ததும் அத்தான் இடது கையைத் தூக்கினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை, ஆனால் அதுவரைக்கும் அந்த மாதிரி வந்ததில்லை. கையை ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அக்கா அப்படியே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அப்புறம் என்னங்க ஆகும்?" என்று கேட்டாள். அவர் உதடு துடித்தது. கை சுற்றியது. இவளுக்குப் பொறுக்கவில்லை. "டிரைவரு ரயில்ல வந்துட்டாரா?" என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னபோது அது முதலில் சந்தோசப்பட்டது, பிறகு திட்டியது. "வாசல் வரைக்கும் வந்த வார்த்தையை நீங்க போய் வாங்கிட்டீங்களேம்மா. படத்தை அதே மாதிரி நிப்பாட்டுங்க, கேளுங்க. ஆனா பதில் அவருதான் சொல்லணும்."

அன்றிலிருந்து கிளைமாக்ஸுக்கு முன்னால் நிறுத்துவது என்பது வைத்தியம் ஆகிவிட்டது. தினமும் ஒரு படம். முன்னே அவர்கள் எழுந்து போன அதே இடத்தில் அக்கா ரிமோட்டை அமுக்குவாள். எனக்கே மறந்துபோன இடமெல்லாம் அவளுக்குச் சரியாக ஞாபகம் இருந்தது. அதற்குள் தவக்காலம் வந்துவிட்டது. எங்கள் தெரு ஜெபக் கூட்டமான அன்பியத்துப் பெண்கள் ஜெபம் பண்ண வந்தவர்கள், டிவியில் குத்துப்பாட்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, "தவக்காலத்துல இது வேணுமா?" என்றார்கள். அக்கா டிவியை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தாள். "அவரு ஒரு வார்த்தை பேசட்டும். அடுத்த தவக்காலம் பூரா டிவியைத் துணி போட்டு மூடி வைக்கிறேன்" என்றாள். அவர்கள் ஜெபமாலை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தி மட்டும் வாசலில் நின்று, அந்தப் படம் என்ன படம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போனாள்.

வார்த்தை வரவில்லை. அத்தான் முயற்சி பண்ணுவார், முகம் சிவக்கும், எச்சில் வழியும். இவள் துடைப்பாள். நாலைந்து தரம் முயன்றுவிட்டுத் துண்டை எடுத்து எறிந்துவிடுவார். ஒரு நாள் ரிமோட்டையே எறிந்தார். நான் அந்த வீட்டுக்குப் போவதையே கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். பார்க்கச் சகிக்கவில்லை, சொல்வதற்கென்ன. டாக்டர் சொன்ன மாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மகன் திருப்பூரிலிருந்து ஃபோன் பண்ணி, "சித்தி, அம்மாட்ட சொல்லுங்க, அப்பாவைப் போட்டு இம்சை பண்ண வேணாம்னு" என்றான். நான் போய்ச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஒரே ஒரு படம் பாக்கி இருக்கு. அதைத் தேடிக் குடுத்துரு. அதுக்கப்புறம் நிப்பாட்டிர்றேன்" என்றாள்.

அது பிள்ளை தவறினதற்கப்புறம் அவர்கள் முதன்முதலாகப் பார்த்த படம். தமிழ்நாட்டில் பார்க்காத ஆளே இருக்க மாட்டார்கள், அவ்வளவு ஓட்டம். மலையடிவார ஊருக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர் ஹீரோ, தினமும் பூக்கூடையோடு ஏறுகிற பெண்ணை விரும்புவான். அவள் அண்ணன்மார்கள் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பார்கள். அஞ்சு பாட்டு. கடைசியில் பஸ் பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் உருளும். ஜனங்களை எல்லாம் காப்பாற்றிவிட்டு, கண்டக்டர் மட்டும் பஸ்ஸோடு பள்ளத்தில் போய்விடுவான். அழ வைக்க என்றே எடுத்த படம். புத்தி கூடிப்போனவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நான் இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்வேன், பாருங்கள், அழுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறவளிடம் அந்த முடிவை எப்படிச் சொல்வது? பஸ்ஸில் அத்தான் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒன்றைக் கட்டிச் சொல்லியிருக்கிறார். பள்ளத்தில் ஒரு ஆலமரம். கண்டக்டர் அதன் விழுதைப் பிடித்துக்கொள்வான். அண்ணன்மார்களே கயிறு போட்டுத் தூக்குவார்கள். கல்யாணம் நடக்கும். பெண் குழந்தை பிறக்கும். அது நூறு வயது இருக்கும் என்று எல்லோரும் வாழ்த்துவார்கள். அக்கா இதை எனக்கு மறுவாரம் சொன்னாள். நான் நிஜ முடிவைப் பார்த்துவிட்டு வந்தவள், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுத்துப் பேசவில்லை. அத்தானைத் தியேட்டரில் பிடித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

படம் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூசைக்குப் போய் வந்து, கறி இல்லாத ஞாயிறு, சோற்றுக்குக் கத்திரிக்காய்தான் வெஞ்சனம், சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். அத்தானுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து வைத்திருந்தது. பாட்டு வந்தபோது அவர் இடது கால் தாளம் போட்டது. அக்கா படத்தைப் பார்க்கவில்லை, அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் இறக்கத்தில் ஓட ஆரம்பித்தது. ஜனங்கள் குதிக்கிறார்கள். கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் பக்கம் போகிறான். அக்கா ரிமோட்டை அமுக்கினாள். படம் அப்படியே நின்றது.

"சொல்லுங்க. அப்புறம் என்ன ஆகும்?"

அத்தான் அவளைப் பார்த்தார். இடது கையை உயர்த்தி எதையோ எட்டிப் பிடிக்கிற மாதிரி காட்டினார். விழுது. எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? சொல்ல வாயெடுத்தவள், முந்தானையை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாயில் துணி. அவர் உதட்டைக் குவித்தார். 'வி' என்று காற்றுதான் வந்தது. மறுபடியும். பிறகு 'க' என்றார், கயிறோ கல்யாணமோ தெரியவில்லை, அதுவும் அங்கேயே நின்றுவிட்டது. அவர் கட்டி வைத்திருந்த முடிவுக்கு எத்தனை வார்த்தை வேண்டும். மரம் வேண்டும், விழுது வேண்டும், அண்ணன்மார் வேண்டும், பிள்ளை வேண்டும். ஒன்றுகூட அகப்படவில்லை. துண்டைத் தேடினார். எறியப் போகிறார் என்று நான் கையை நீட்டினேன்.

எறியவில்லை. துண்டை மடியில் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நின்றுபோன படத்தில் அந்தக் கண்டக்டரைப் பார்த்தபடி, "செத்துருவான்" என்றார்.

கரகரப்பாக, பாதி மூக்கில் வந்தது. ஆனால் முழுசாக, எழுத்துக்கு எழுத்து. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். பேச்சு வந்த சந்தோசம் முகத்தில் இல்லை. திருடும்போது பிடிபட்டவர் மாதிரி விழித்தார். அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அக்கா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். அவர் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுங்க" என்றாள். "நீங்க பேசுங்க."